எலெக்டபிலிட்டி என்றால் ‘தேர்தல் தகுதி’ அல்ல

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முந்தைய பிரைமரி காலம், அதாவது ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக வாக்கெடுப்பு நடத்தித் தேர்ந்தெடுக்கும் காலம், வந்துவிட்டால், தமிழில் ஒரு சொல் தவறாமல் தலைகாட்டுகிறது: ‘தேர்தல் தகுதி’. நவம்பர் தேர்தலில் இவர் ஜெயிப்பாரா என்ற கணிப்பைக் குறிக்கும் எலெக்டபிலிட்டி என்பதைத்தான் இப்படிப் பெயர்க்கிறார்கள். 2024 பிரைமரியை வைத்து இந்தப் பெயர்ப்பைச் சோதித்துப் பார்த்தால் போதும், எவ்வளவு பெரிய பிழை என்று தெரிந்துவிடும்.

2023 டிசம்பர் 19 அன்று கொலராடோ மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கிளர்ச்சியில் ஈடுபட்டவர் பதவி வகிக்கக் கூடாது என்கிற 14-ஆவது சட்டத் திருத்தத்தின் 3-ஆவது பிரிவைக் காட்டி, டொனால்ட் ட்ரம்ப்பின் பெயர் அந்த மாநிலத்தின் பிரைமரி வாக்குச்சீட்டில் இடம்பெறக் கூடாது என்றது. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். அதே குளிர்காலத்தில் நியூ ஹாம்ப்ஷயரில், குடியரசுக் கட்சிக்குள் ட்ரம்ப்போடு போட்டியிட்ட நிக்கி ஹேலி ஊர் ஊராகப் போய், ட்ரம்ப்பை நிறுத்தினால் நவம்பரில் கட்சி தோற்கும், தன்னை நிறுத்தினால் பைடனைத் தோற்கடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். நீதிமன்றத்தில் நடந்தது சட்டம் தடுக்கிறதா என்ற வழக்கு. ஹேலி பேசியது ஜனங்கள் ஓட்டுப் போடுவார்களா என்ற கணிப்பு. இரண்டையும் ‘ட்ரம்ப்புக்குத் தேர்தல் தகுதி இல்லை’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதிவிட முடிகிறது என்றால், அந்தச் சொல்லால் எதையும் சொல்ல முடியவில்லை என்றுதான் பொருள்.

குழப்பத்துக்கு வேர் லத்தீனிலேயே இருக்கிறது. ‘லெகெரே’ என்றால் பொறுக்கியெடுத்தல். அதோடு ‘வெளியே’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘எலிகெரே’ ஆயிற்று. எலெக்‌ஷன், எலெக்டபிலிட்டி, எலிஜிபிலிட்டி மூன்றும் அந்த ஒரே வேரில் முளைத்தவை. ஆனால் எலிஜிபிலிட்டி சட்டத்தின் பக்கம் போய்விட்டது. அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு கேட்பது மூன்றே மூன்று: பிறப்பால் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்ப வேண்டும், 14 ஆண்டுகள் நாட்டில் வசித்திருக்க வேண்டும். பிற்காலத்தில் 22-ஆவது திருத்தம் வந்து, இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது என்றது. இவைதாம் தகுதி. உண்டு, இல்லை என்ற இரண்டே விடை. ஓட்டெடுப்புக்கு இதில் வேலை இல்லை, நீதிமன்றத்துக்கு உண்டு. கொலராடோ தீர்ப்பை 2024 மார்ச் 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக ரத்து செய்ததும் தகுதி பற்றிய கேள்வி அங்கேயே முடிந்தது. ட்ரம்ப் ஜெயிப்பாரா என்ற கேள்வி நவம்பர் வரை ஓடியது.

‘தகுதி’ எப்படி உள்ளே நுழைந்தது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு ஒரு சொல்லோடு நிற்பதில்லை. ஆங்கிலத்தில் ‘ஏபிள்’ என்று முடியும் சொல்லைக் கண்டால் நம் மொழிபெயர்ப்பாளர்கள் கை தானாகவே ‘தக்க’ என்று எழுதிவிடும். ‘உண்ணத்தக்க காளான்’ என்பது சரி. ஆனால் ‘காணத்தக்க இடம்’ என்றால் காண முடிகிற இடம் அல்ல, காண வேண்டிய இடம், காணும் பெருமை உள்ள இடம். ‘தக்க’ என்பதில் முடியும் என்பதோடு தகும் என்ற மதிப்பீடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘தேர்ந்தெடுக்கத்தக்க’ என்று எழுதி, அதைச் சுருக்கித் ‘தேர்தல் தகுதி’ ஆக்கும்போது மதிப்பீடு மட்டும் மிஞ்சுகிறது, சாத்தியம் காணாமல் போகிறது. முடியும் என்பதை மட்டும் சொல்ல நம்மிடம் ‘கூடிய’ இருக்கிறது. ‘வெல்லக்கூடிய வேட்பாளர்’ என்றால் எந்த மயக்கமும் இல்லை.

இந்த மதிப்பீடு செய்யும் கேடு 2020 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் நன்றாகத் தெரியும். அதில் போட்டியிட்ட எலிசபெத் வாரன், ஏமி க்ளோபுச்சர் ஆகியோரைச் சுற்றி அவர்கள் களத்தில் இருந்தவரை ஒரு கேள்வி ஓடியது: ஒரு பெண்ணால் ட்ரம்ப்பை வெல்ல முடியுமா? இதைக் கேட்டவர்களில் பலர் பெண்ணுக்கு ஓட்டுப் போட முழு மனதோடு தயாராக இருந்தவர்கள். அவர்களுடைய கவலை இழுபறி மாநிலங்களான மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் இருக்கிற முன்பின் அறியாத வாக்காளரைப் பற்றியது. ‘எனக்குச் சம்மதம், ஆனால் அவர்களுக்கு?’ என்பதுதான் எலெக்டபிலிட்டி என்ற சொல்லின் உள்ளடக்கம். இதைத் ‘தகுதி’ என்று பெயர்த்தால், அந்த வாக்காளர் வாரனைத் தகுதியற்றவர் என்று சொன்னதாக ஆகிவிடும். அவர் நினைத்ததற்கு நேர் எதிரான ஒன்றை அவர் வாயில் போடுகிறோம்.

விருந்துக்குச் சமைக்கிறவர் தனக்குப் பிடித்ததை விட்டுவிட்டு, வருகிறவர்களுக்குப் பிடிக்கும் என்று தான் நினைப்பதைச் சமைப்பது போன்றதுதான் இந்த முடிவு. பிரைமரியில் இந்த எண்ணம் வலுப்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. நவம்பர் தேர்தலில் பெரும்பாலானவர்களுக்குக் கட்சி அடையாளமே பாதி முடிவை எடுத்துக் கொடுத்துவிடும். பிரைமரியில் நிற்பவர்கள் அத்தனை பேரும் ஒரே கட்சி. கொள்கையிலும் பெரிய வேறுபாடு இருக்காது. அப்போது வாக்காளரிடம் மிஞ்சுவது சில அளவுகோல்கள்தாம்: பழகிய பெயர், விவாத மேடையில் கண்டது, யார் யாரை ஆதரித்தார்கள் என்பது, முந்தைய மாநிலத்தின் முடிவு, எதிர்க்கட்சிக்காரரை இவர் சாய்ப்பாரா என்ற கணக்கு. எதிரில் இருப்பவர் மேல் வெறுப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு இந்தக் கடைசிக் கணக்கு முன்னுக்கு வரும். 2020-இல் வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம், கொள்கையில் ஒத்துப்போகிறவர் வேண்டுமா, ட்ரம்ப்பை வெல்லக்கூடியவர் வேண்டுமா என்று கேட்டபோது, பெரும்பாலான மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரண்டாவதைத்தான் சொன்னார்கள்.

இது கணிப்பு என்பதால்தான் தவறவும் செய்கிறது. 2004 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் ஈராக் போரைக் கடுமையாக எதிர்த்த ஹவர்ட் டீன்தான் தொண்டர்களின் நாயகன். ஆனால் அயோவாவில் ஜான் கெரி 38 விழுக்காடு பெற்றார், டீனுக்கு 18. வியட்நாம் போரில் பதக்கம் வாங்கிய கெரியை, போர்க்கால அதிபரான புஷ்ஷால் நாட்டுப்பற்றைக் காட்டி அடிக்க முடியாது என்று கணக்குப் போட்டார்கள். நவம்பரில் தேர்வாளர் குழு வாக்குகளில் புஷ் 286, கெரி 251. மறுபக்கம், 1980-இல் ரொனால்ட் ரீகன் அதிகமாக வலதுபக்கம் சாய்ந்தவர், தேறமாட்டார் என்று சொந்தக் கட்சியிலேயே சொன்னார்கள். 44 மாநிலங்களை வென்றார். கெரிக்குத் ‘தகுதி’ இருந்தது, ரீகனுக்கு இல்லை என்று எழுதினால் தமிழில் அது என்ன பொருள் தரும்?

கணிப்பு என்பதால் ஆதாரம் கிடைத்ததும் மாறும், அதுவும் சில வாரங்களில். 2007-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் போட்டியில் கறுப்பின வாக்காளர்களில் பலர் ஹிலாரி கிளின்டன் பக்கமே நின்றார்கள். ஒபாமாவைப் பிடிக்காமல் அல்ல, வெள்ளையர்கள் அவருக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று நம்பாததால். 2008 ஜனவரி 3 அன்று, மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்களான அயோவாவில் ஒபாமா 38 விழுக்காட்டோடு முதலிடம் பிடித்தார். ஜனவரி 26 அன்று தென் கரோலினாவில் 55-க்கு 27 என்று கிளின்டனை வென்றார். ஒபாமாவின் தகுதி அந்த மூன்று வாரத்தில் கூடவில்லை. மற்றவர்களைப் பற்றிய நம்பிக்கை கூடியது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தனக்குப் பிடித்தவரால் ஜெயிக்க முடியும் என்று நம்புவது மனித இயல்பு. ‘ஜெயிக்கக்கூடியவர் என்பதால் போட்டேன்’ என்று வாக்காளர் சொல்வதில், முதலில் ஆளைப் பிடித்துப்போய், பிறகு காரணமாக இதைச் சொல்வதும் கலந்திருக்கும். ‘வெல்வார் என்று கருதி’, ‘வெல்லக்கூடியவர் என்ற எண்ணத்தில்’ என்று எழுதினால் இந்த ஐயத்துக்கு இடம் இருக்கும். ‘தகுதி கருதி’ என்று எழுதினால் அந்தக் கதவு மூடிவிடும்.

தூய தமிழ் அன்பர்கள் சிலர் ‘தேர்வுத்திறன்’ என்கிறார்கள். ‘தேர்வுறுதிறன்’ என்றும் ஒன்று உண்டு. தமிழ்ச் சொல் வேண்டும் என்ற அவர்கள் விருப்பத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் முதல் சொல்லைப் பார்த்ததும் பள்ளித் தேர்வுதான் நினைவுக்கு வரும். இரண்டாவதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், எந்த அரசியல்வாதியும் மேடையில் சொல்ல மாட்டார். இவற்றை விடப் பெரிய குறை ‘திறன்’. திறன் என்பது ஆளுக்குள் இருப்பது: பேச்சுத்திறன், செயல்திறன். எலெக்டபிலிட்டியோ வேட்பாளரின் உள்ளே இல்லை. அது பாதி வாக்காளர் மனத்தில் இருக்கிறது, மீதி எதிரே நிற்பவரைப் பொறுத்தது. 2016-இல் ஒருவர், 2020-இல் ஒருவர் என்று எதிராளி மாறினால் இதுவும் மாறும்.

அதற்கு ஏற்ற சொல் ‘வாய்ப்பு’. வாய்த்தல் என்றால் வந்து பொருந்துதல், கைகூடுதல். அதில் ஆளும் உண்டு, காலமும் உண்டு, எதிராளியும் உண்டு. தமிழ்நாட்டுக் கட்சிகள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சில் ‘வெற்றி வாய்ப்புள்ளவர்’ என்பது நெடுநாளாகப் புழங்குகிறது. அதைச் சற்றே இறுக்கி ‘வெல்வாய்ப்பு’ என்றால் எலெக்டபிலிட்டிக்கு அளவெடுத்தது போல் பொருந்துகிறது. சங்கப் பாடல்களின் ‘வெல்போர்’ எப்படி அமைந்ததோ அப்படியே அமைந்த வினைத்தொகை, புதிதாக எதையும் வளைக்கவில்லை.

‘வெற்றி வாய்ப்பு’ என்றே விட்டுவிடலாமே என்றால், பெரும்பாலான செய்திகளுக்கு அது போதும். ஆனால் பிரைமரியில் இரண்டு வெற்றிகள் உண்டு: கட்சிக்குள் வெல்வது, நவம்பரில் வெல்வது. முதலாவதை வையபிலிட்டி என்பார்கள். ஹேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 23 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் 54-க்கு 43 என்று தோற்றபின், கட்சிக்குள் வெல்லும் வாய்ப்பு அநேகமாகப் போய்விட்டது. பைடனுக்கு எதிரான கருத்துக்கணிப்புகளில் மட்டும் அவர் நன்றாகவே இருந்தார். ‘ஹேலியின் வெற்றி வாய்ப்பு’ என்று எழுதினால் எது என்று கேட்க வேண்டியிருக்கும். நவம்பருக்கு வெல்வாய்ப்பு, கட்சிக்குள் ‘தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு’ என்று பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. 2020 தொடக்கத்தில் பைடன் பட்டபாடு தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு பற்றியது: அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் 8.4 விழுக்காட்டோடு ஐந்தாவது. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் ஏறக்குறைய 49 விழுக்காடு வாங்கியதும் தாக்குப்பிடிப்பார் என்று உறுதியானது. போட்டியாளர்களான பீட் புட்டிஜெஜும் க்ளோபுச்சரும் விலகி அவரை ஆதரித்தார்கள், மார்ச் 3 அன்று 14 மாநிலங்களில் 10 அவர் பக்கம் வந்தன.

இந்த வையபிள் என்ற சொல்லையும் ‘சாத்தியமான’ என்று பெயர்த்துக் கெடுக்கிறார்கள். 2020 வரை அயோவாவில் ஜனநாயகக் கட்சியினர் ஓரிடத்தில் கூடி, வேட்பாளர்வாரியாக அணி பிரிந்து நடத்திய காக்கஸ் கூட்டத்தில் அது ஒரு கணக்கு. மாநாட்டுக்கு அனுப்பப்படும் பேராளர் இடம் நான்கும் அதற்கு மேலும் உள்ள வட்டாரத்தில், வந்தவர்களில் 15 விழுக்காட்டைத் தொட்டால்தான் ஒரு வேட்பாளரின் அணி எண்ணிக்கையில் நின்றது. 90 பேர் வந்திருந்தால் 13.5, பின்னத்தை மேலே ஏற்றி 14 பேர் வேண்டும். 2020 விதிப்படி 14 பேர் சேர்ந்த அணி முதல் சுற்றோடு உறுதியாகிவிடும், அவர்கள் இடம் மாற முடியாது. 13 பேர் உள்ள அணி ஆள் சேர்க்கலாம், கலைந்து வேறு அணிக்குப் போகலாம். அந்த 13 பேருக்கு அப்போது மனத்தில் இருக்கும் முதல் ஆளை விட்டு, இரண்டாவது ஆளைத் தேட வேண்டிய கட்டாயம். ‘சாத்தியமற்ற குழு’ என்று பெயர்த்தால் இதில் எதுவும் விளங்காது. ‘வரம்பைத் தொடாத அணி’ என்று எழுதினால் சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டும் பழக்கம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ‘நாமினேஷனை வென்றார்’ என்பது ‘வேட்புமனுவை வென்றார்’ என்று வருகிறது. வேட்புமனு தாக்கல் செய்வது, வெல்வது அல்ல. ‘கட்சியின் வேட்பாளரானார்’ என்று இரண்டே சொல்லில் முடிந்துபோகும். பிரைமரியை ‘முதன்மைத் தேர்தல்’ என்கிறார்கள். முதன்மையானது நவம்பர் தேர்தல் அல்லவா? ‘முதற்கட்டத் தேர்தல்’ அதை விட மோசம், பல கட்டமாக ஓட்டுப்பதிவு நடக்கும் இந்தியத் தேர்தலைப் பார்த்துப் பழகியவர், அதிபர் தேர்தலின் முதல் நாள் என்றே நினைப்பார். ‘வேட்பாளர் தேர்வு வாக்கெடுப்பு’ நீளமானாலும் சரியானது. டெலிகேட்டைப் ‘பிரதிநிதி’ என்று எழுதுவதையும் விட வேண்டும். 2020-இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் முதல் சுற்றிலேயே வேட்பாளராக 1,991 டெலிகேட்கள் தேவைப்பட்டார்கள். ‘1,991 பிரதிநிதிகள்’ என்று படிக்கிறவர், 435 உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபையில் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று திகைப்பார். மாநாட்டுக்கு அனுப்பப்படுபவரைப் பேராளர் என்று தமிழில் எத்தனையோ காலமாகச் சொல்லி வருகிறோம். 1,991 பேராளர்கள் என்று எழுதலாம்.