ரவுட்டரை அணைத்துப் போடுமுன்

வைஃபை நின்றுவிட்டால் ரவுட்டரின் சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்து, மறுபடி போடுவது எல்லா வீட்டிலும் நடக்கிற வைத்தியம். பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. அந்த ஒரு செயலில் பல காரியங்கள் சேர்ந்து நடப்பதுதான் காரணம். நினைவகத்தில் தேங்கிய பழைய இணைப்புப் பதிவுகள் அழிகின்றன. சேவை நிறுவனத்தோடு புதிதாகத் தொடர்பு ஏற்படுகிறது. வைஃபை அலைவரிசையின் எந்தச் சேனலில் (பிரிவில்) இயங்குவது என்று ரவுட்டர் மறுபடி தேடுகிறது. சூடேறிய பாகங்கள் கொஞ்சம் ஆறுகின்றன. இவற்றில் எது குணப்படுத்தியது என்பது மட்டும் தெரியாது. தடயம் அழிந்துபோக, சில நாளில் அதே கோளாறு திரும்ப வந்து நிற்கும்.

ஆகவே சுவிட்சில் கை வைக்குமுன் ஒரு சின்னச் சோதனை. கணினியின் கட்டளைத் திரையைத் திறந்து, முதலில் ரவுட்டரின் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சிறு செய்தி) அனுப்புங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1, போனில் வைஃபை விவரங்களில் ‘கேட்வே’ என்ற இடத்தில் இருக்கும். அடுத்து வெளியே, கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு அனுப்புங்கள். ரவுட்டரின் பதிலே விட்டுவிட்டு வந்தால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள், காற்றில், அதாவது வைஃபை அலையில். ரவுட்டர் சில மில்லிசெகண்டில் ஒழுங்காகப் பதில் தந்து, வெளியே மட்டும் போகவில்லையென்றால் கோளாறு லைனில். இரண்டும் சரியாக வந்தும் இணையப் பக்கம் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரை மாற்றிப் பார்க்கலாம். ரவுட்டரின் விளக்குகள் மொத்தமாக அணைந்து அணைந்து எரிந்தால் பிங்கே தேவையில்லை, மின்சாரத்தைப் பாருங்கள்.

லைன் கோளாறில் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான். ஃபைபர் இணைப்பில் ‘லாஸ்’ (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது மேசைக்குப் பின்னால் நசுங்கி மடிந்திருக்கலாம். கண்ணாடி இழையை 3 சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக வளைக்காமலிருப்பது நல்லது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் (பிரவுசரில் ரவுட்டரின் முகவரியைத் தட்டினால் திறப்பது) வந்துசேரும் ஒளியின் அளவு இருக்கும். பரவலாக உள்ள ஜிபான் (GPON) வகை ஃபைபர் இணைப்பில் அது −8-க்கும் −27 டிபிஎம்முக்கும் இடையில் இருக்க வேண்டும். டிபிஎம் என்பது சமிக்ஞையின் திறனை அளக்கும் அலகு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சமிக்ஞை பலவீனம். −27-ஐ ஒட்டி ஊசலாடினால் அந்த எண்ணைச் சொல்லியே புகார் கொடுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத லேசர்.

பலரும் சந்தேகிக்க மறப்பது அடாப்டரைத்தான். அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலிடிக் மின்தேக்கிகள் வெப்பத்தில் மெல்ல உலர்கின்றன. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். உலர்ந்துவிட்ட மின்தேக்கியால் மின்னழுத்தத்தைச் சீராகப் பிடித்து வைக்க முடியாது. வீட்டில் நாலைந்து பேர் சேர்ந்து வீடியோ பார்க்கும்போது ரவுட்டர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். அழுத்தம் ஒரு கணம் சரியும். உள்ளிருக்கும் சிப் ரீஸ்டார்ட் ஆகும். வெறும் அடாப்டரை மல்டிமீட்டரில் அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும், அதை நம்பிவிடக் கூடாது. ரவுட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். சட்டென்று வந்துபோகும் சரிவை மீட்டர் அப்போதும் தவறவிடலாம் என்பதால், நல்ல அடாப்டர் ஒன்றை மாட்டிப் பார்ப்பதே தெளிவான சோதனை. புதிதாக வாங்கும்போது வோல்ட் அச்சு அசலாக அதே அளவு, ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதல், பின்னின் அளவும் பிளஸ்-மைனஸ் திசையும் அதே. 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் அடாப்டரை மாட்டினால் ரவுட்டரே போய்விடலாம்.

கரண்ட் போகும்போது கைகொடுக்க வாங்கிய மினி யுபிஎஸ்ஸும் இதே தொல்லையைத் தரலாம். மூன்று லித்தியம் செல்களை வரிசையாகக் கோத்த மலிவு வகைகளில் முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் இருக்கும். சார்ஜ் இறங்க இறங்க 9 வோல்ட் வரை போகும். அழுத்தத்தைச் சீராக்கும் சுற்று உள்ளே இல்லையென்றால் பேட்டரி தீருமுன்பே ரவுட்டர் தடுமாறத் தொடங்கும்.

இனி காற்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் அடுத்தடுத்த சேனல்களுக்கு நடுவே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி; ஒரு வைஃபை சமிக்ஞைக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால்தான் ஒன்றோடொன்று மோதாமல் 1, 6, 11 மூன்றையும் பயன்படுத்துகிறார்கள். அடுக்குமாடியில் எல்லோரும் 6-இல் இருக்கிறார்கள் என்று 4-க்கு நகர்வது புத்திசாலித்தனமாகத் தோன்றும்; உண்மையில் அது கேடு. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றது புரிந்துகொண்டு முறை வைத்துப் பேசும். 4-இல் இருப்பதற்கு 6-இன் பேச்சு வெறும் இரைச்சல், இரண்டுமே கெடும். சேனல் அகலத்தையும் ‘ஆட்டோ’வில் விடாமல் 2.4-இல் 20 மெகாஹெர்ட்ஸ் என்று நிறுத்துங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது மட்டும் இணைப்பு திணறினால் ஆச்சரியமில்லை, அதுவும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. ரவுட்டரிலோ மடிக்கணினியிலோ செருகிய யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க்கும் இதே அலைவரிசைப் பட்டையில் இரைச்சல் எழுப்பும். டிஸ்க்கை ஒரு நீள கேபிளில் தள்ளி வைத்தாலே பலன் தெரியும்.

வைஃபையின் மற்ற அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். சுவரைக் கடப்பதில்தான் பலவீனம். கான்கிரீட் தூண், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி ஆகியவற்றுக்குப் பின்னால் வைத்தால் இரண்டு பட்டையுமே சோரும். போனில் வைஃபை அனலைசர் செயலி ஒன்றைப் போட்டு அறை அறையாக அளந்துபாருங்கள்: −50 டிபிஎம் அருமை, −67 வரை வீடியோ அழைப்பு தாங்கும், −80 என்றால் பெயருக்குத்தான் இணைப்பு. −50-க்கும் −80-க்கும் நடுவே சமிக்ஞையின் திறன் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆன்டெனாவிலிருந்து அலை அதன் பக்கவாட்டில் மெதுவடை வடிவில் பரவும்; நுனி காட்டும் திசையில் மிகக் குறைவு. ஒரே தளத்து வீட்டுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றைக் கிடையாகச் சாயுங்கள்.

மறுகோடி அறைக்கு ரிப்பீட்டர் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மலிவு வகைகளில் ஒரே ரேடியோ கேட்டதையே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதிக்கு இறங்கும். பரணில் பழைய ரவுட்டர் கிடந்தால் போதும். அதில் சாதனங்களுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை நிறுத்தி, முகவரியை 192.168.1.2 போல முதல் ரவுட்டரோடு மோதாததாக மாற்றி, வேறு சேனல் கொடுத்து, வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் முதலாவதைப் போலவே வையுங்கள். பிறகு ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிளால் இரண்டையும் இணையுங்கள். 100 மீட்டர் வரை நீளம் தாங்கும். பழைய ரவுட்டரில் கேபிளைச் செருக வேண்டியது ‘லேன்’ துளையில், ‘வேன்’ துளையில் அல்ல.