இரண்டு டீ கப்பும் புல்லட் ரயிலும்

“பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த வந்தே பாரத்தே 180 கி.மீ. வேகம் போகுமாமே, அப்புறம் புல்லட் ரயிலுக்கென்று தனிப் பாதை போட்டு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் சக்கரத்தில் இருக்கிறது.

ரயில் சக்கரத்தின் உள்பக்கம் துருத்தி நிற்கும் விளிம்புதான் வண்டியைத் தண்டவாளத்தில் பிடித்து வைக்கிறது என்று நினைக்கிறோம். அது கடைசிக் காவல் மட்டும்தான். உண்மையான வேலையைச் செய்வது, உள்பக்கம் பருத்து வெளிப்பக்கம் சிறுத்திருக்கும் சக்கரத்தின் சரிவு. இரண்டு காகித டீ கப்புகளை வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டுங்கள். நடுவில் பருத்து, முனைகளில் சிறுத்திருக்கும். இரண்டு நீளக் குச்சிகளை இணையாகச் சாய்த்து வைத்து அவற்றின் மேல் உருட்டிவிடுங்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் வலது குச்சியில் பருத்த பகுதி உட்காரும்; ஒரு சுற்றுக்கு அந்தப் பக்கம் அதிக தூரம் போகும்; உருளை தானாக இடப்பக்கம் திரும்பிவிடும். ஸ்டியரிங் கிடையாது, ஆனாலும் திரும்புகிறது! கப்புகளை அடியோடு அடி ஒட்டி உருட்டினால் விழுந்துவிடும். எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆனால் நடுவுக்கு வருகிற சக்கரம் அங்கேயே நிற்காது. தாண்டிப் போய்த் திரும்பி வரும். மெதுவாகப் போகையில் இது தாலாட்டு. வேகம் கூடக்கூட ஆட்டம் தானே வளர்ந்து, விளிம்புகள் இரு தண்டவாளங்களையும் மாறி மாறி இடிக்கும். 1955-இல் பிரான்சில் 331 கி.மீ. வேகச் சாதனை படைத்த ரயில் தப்பியது; அது கடந்து போன தண்டவாளம் பாம்புபோல் நெளிந்து கிடந்தது.

இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஜப்பானின் தடாஷி மட்சுடைரா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானின் ‘ஜீரோ’ போர் விமானத்தின் இறக்கை நடுக்கத்தை ஆராய்ந்தவர், போருக்குப் பின் அரசு ரயில்வேயின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ரயிலின் ஆட்டமும் அதே வகை நடுக்கம்தான் என்று கண்டார். சுழலும் உருளைகள் மேல் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரச் சரிவை 40-க்கு 1 ஆக, அதாவது 40 மி.மீ. அகலத்துக்கு 1 மி.மீ. இறக்கமாகக் குறைத்தார்கள், ஸ்பிரிங் அமைப்பை மாற்றினார்கள். 1964 அக்டோபர் 1 அன்று ஷின்கான்சென் என்ற ஜப்பானின் முதல் புல்லட் ரயில் டோக்கியோ–ஒசாகா பாதையில் 210 கி.மீ. வேகத்தில் ஓடியது.

சரி, தனிப் பாதை எதற்கு? சரிவு குறைந்தால் சக்கரம் வளைவில் திரும்பும் திறனும் குறையும். அந்த வேகத்தில் குறுகிய வளைவு பயணிகளையும் பக்கவாட்டில் தள்ளும். அதனால் முதல் ஷின்கான்சென் பாதையில் வளைவின் ஆரத்தைப் பொதுவாக 2,500 மீட்டருக்குக் குறையாமல் வைத்தார்கள். ஊர் ஊராக நெளிந்து போகும் பழைய பாதையில் இதற்கு இடமில்லை.

ஜப்பானிலும் செலவு மதிப்பீட்டைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கானது. ரயில்வே தலைவர் சோகோ 1963-இல் பதவி விலக நேர்ந்தது. ஆனால் பணியை நிறுத்தவில்லை. நாமும் 508 கி.மீ. மும்பை–அகமதாபாத் பாதையோடு நின்றுவிடக் கூடாது. சென்னை–பெங்களூரு–மைசூரு போன்ற பாதைகளுக்கும் மத்திய அரசே முதல் போட வேண்டும். பலன் வர இருபது, முப்பது ஆண்டு ஆகும் வேலைக்குத் தனியார் காத்திருக்க மாட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கை நம் ஆய்வகங்களுக்கும் ஒதுக்கட்டும். ஐ.சி.எஃப்.பில் பெட்டி கட்டும் அதே பொறியாளர்கள், 320 கி.மீ. வேகத்துக்கான சக்கரத்தையும் இங்கேயே உருளையில் ஓட்டிப் பார்க்கட்டும்.