சைக்கியாட்ரி போஸ்டிங்: நர்சிங் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் பி.எஸ்சி. நர்சிங் வகுப்பில் ஒரு சலசலப்பு கிளம்பும். "கீழ்ப்பாக்கம் போறீங்களாமே அக்கா, பயமா இல்லையா?" என்று ஜூனியர்கள் கேட்பார்கள். வீட்டிலிருந்து அம்மா போன் செய்து, "ஜாக்கிரதையா இரும்மா, யார் பக்கத்துலயும் போகாத" என்பார். பக்கத்தில் போகத்தான் அனுப்புகிறார்கள் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

பத்து வருடத்துக்கு மேலாக மாணவர்களைக் கூட்டிக்கொண்டு இந்தப் போஸ்டிங்குக்கு, அதாவது மனநல வார்டுப் பயிற்சிக்கு, போய்வருகிறேன். எத்தனை மணி நேரம், எங்கே, என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். வார்டில் கால் வைத்த நாளிலிருந்து 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தங்களையும் கட்டும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாடத்திட்டம்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. நர்சிங் படிப்பை செமஸ்டர் முறைக்கு மாற்றியது. அதன்படி மனநலச் செவிலியம் ஐந்தாம் செமஸ்டரில் ஒரு பகுதி, ஆறாம் செமஸ்டரில் ஒரு பகுதி என்று வருகிறது. வார்டுப் பயிற்சி முதல் பகுதிக்கு 80 மணி நேரம், இரண்டாவதற்கு 160, மொத்தம் 240. எட்டு வாரமாக இதைப் பிரித்திருக்கிறார்கள். உள்நோயாளி வார்டில் நான்கு வாரம், மனநல ஓ.பி.யில் இரண்டு, குழந்தைகள் வழிகாட்டு மையத்தில் ஒன்று, சமூக மனநலத்துக்கும் போதை மறுவாழ்வு மையத்துக்கும் சேர்த்து ஒன்று. பல்கலைக்கழகத் தேர்வு ஆறாம் செமஸ்டரில், எழுத்தும் செய்முறையும் உண்டு. ஜி.என்.எம். (பொதுச் செவிலியமும் மகப்பேறும்) டிப்ளமோ படிப்பவர்களுக்கு இதே பாடம் இரண்டாம் ஆண்டில்.

எல்லாக் கல்லூரிக்கும் சொந்தமாக மனநல வார்டு இருக்காது. இல்லாத கல்லூரிகள் வேறு மருத்துவமனையோடு அஃபிலியேஷன் வைத்துக்கொண்டு மாணவர்களை அனுப்புகின்றன. தமிழ்நாட்டில் பலருக்கும் அது கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். சென்னையில் 1794-ல் தொடங்கிய மனநோயாளர் இல்லம்தான் அதன் வேர். 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதன் தலைவராக இருந்தார். கேட்டுக்குள் நுழையும்போது மாணவர்களிடம் இதைச் சொல்வேன். பாதிப் பேர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சரி, பரவாயில்லை.

இந்த எட்டு வாரம் ஏன் முக்கியம் என்றால், 2017 சட்டம் 'மனநலச் செவிலியர்' என்பவருக்குத் தரும் விளக்கத்தைப் பார்க்க வேண்டும். மனநலச் செவிலியத்தில் தனிப் பட்டயமோ பட்டமோ பெற்றவர் மட்டுமல்ல, பொது நர்சிங் பட்டயமோ பட்டமோ முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவரும் அந்த விளக்கத்துக்குள் வருகிறார். அதாவது நாளைக்கு ஒரு மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் சிஸ்டருக்கு, மனநலத்தில் கிடைத்த மொத்தக் கைப்பயிற்சியும் அந்த 240 மணி நேரமாகவே இருக்கலாம். அதிலும் பாதி நாளை பி.பி. பார்க்கவும் மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் செலவழிக்க வைக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

வார்டில் சட்டம்

இந்தச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாணவர் மனப்பாடம் செய்ய வேண்டியது எல்லாப் பிரிவையும் அல்ல. நான்கைந்து போதும். ஆனால் அவை கையோடு இருக்க வேண்டும்.

பிரிவு 95 சிலவற்றை அடியோடு தடை செய்கிறது. நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை தரக் கூடாது. சங்கிலி பற்றிய வரியைப் படிக்கும்போது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஏர்வாடி நினைவுக்கு வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு தனியார் மனநோயாளர் இல்லத்துக் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் எரிந்து இறந்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. இப்போது மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் பலர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை.

அப்புறம் பிரிவு 97. கட்டிவைப்பதைப் பற்றியது. இதில்தான் மாணவர்களுக்கு அதிகக் குழப்பம். நோயாளியைத் தனி அறையில் அடைப்பதற்குத் தடை. உடலைக் கட்டுப்படுத்துவது, அவருக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து இருந்து, தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும். அதுவும் சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதித்தால்தான். தேவைக்கு மேல் ஒரு நிமிடம்கூட நீடிக்கக் கூடாது. எப்படிக் கட்டினார்கள், ஏன், எவ்வளவு நேரம் என்பதை உடனே கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். தண்டனையாகக் கட்டக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பதையே காரணமாகச் சொல்லியும் கட்டக் கூடாது. நைட் டூட்டியில் ஒரே ஒரு சிஸ்டர் இருக்கும் வார்டில் இந்தக் கடைசி வாக்கியம் எவ்வளவு பெரியது என்று அங்கே நின்றவருக்குத்தான் தெரியும். மாணவரைப் பொறுத்தவரை விஷயம் எளிது. யாராவது "இவரைக் கொஞ்சம் கட்டி வையும்மா" என்றால், டாக்டரின் ஆர்டர் எங்கே என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

பிரிவு 20-ல் சின்னதாகத் தோன்றும் சில விஷயங்கள் இருக்கின்றன. மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. சொந்த உடை போட விரும்பினால் போடலாம், சீருடை கட்டாயமில்லை. கட்டாய வேலை வாங்கக் கூடாது. பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையானவை கிடைக்க வேண்டும். காலை ரவுண்டுக்கு முன்னால் ஒரு அக்காவுக்குத் தலை வாரிவிடும் மாணவி, அவர் எந்தப் புடவை கேட்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டாலே இந்தப் பிரிவைப் பாதி கற்றுக்கொண்டுவிட்டார்.

செல்போன் விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறுமை கிடையாது. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் அவர் படமோ தகவலோ ஊடகத்துக்குப் போகக் கூடாது என்கிறது பிரிவு 24. ரகசியம் காக்கும் கடமை மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கும் பொருந்தும். வார்டு வாசலில் ரீல்ஸ் எடுக்கும்போது பின்னால் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தால் என்ன ஆகும்? சட்டத்தை மீறினால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேஸ் புக்கிலும் முழுப் பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும்.

ப்ராசஸ் ரெக்கார்டிங்

பாடத்திட்டம் கேட்கும் ரெக்வயர்மென்ட் நிறைய. ஹிஸ்டரி எடுப்பது, மனநிலைப் பரிசோதனை, கேஸ் ஸ்டடி, கேர் பிளான், மருந்துப் புத்தகம், சுகாதாரக் கல்வி. இவற்றை எப்படியாவது முடித்துவிடுவார்கள். இரண்டு ப்ராசஸ் ரெக்கார்டிங் எழுதும் இடத்தில்தான் எல்லோரும் மாட்டுவார்கள்.

நோயாளியோடு பேசியதை, தாளில் நான்கு கட்டம் போட்டு, வரி மாறாமல் எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் அவர் சொன்னது, அடுத்ததில் நான் சொன்னது, அடுத்ததில் அப்போது முகமும் கையும் எப்படி இருந்தன, கடைசியில் நான் சொன்னது சரியா என்ற என் கருத்து. ஓர் உதாரணம் பார்ப்போம். அவர்: "வீட்டுக்குப் போனாலும் என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடமாட்டாங்க." மாணவி: "அப்படியெல்லாம் இல்லக்கா, எல்லாம் சரியாயிடும்." மூன்றாவது கட்டம்: அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்காவது கட்டத்தில் முதல் தடவை எல்லோரும் எழுதுவது, 'நோயாளிக்கு ஆறுதல் அளித்தேன்'. அது ஆறுதல் அல்ல, வாயை அடைத்தது என்று மூன்றாவது கட்டமே சொல்கிறது. "கூப்பிடலைன்னா அப்ப என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டிருந்தால் அவர் இன்னும் நாலு வார்த்தை பேசியிருப்பார். ஒன்றும் சொல்லாமல் அருகிலேயே உட்கார்ந்திருந்தாலும் தவறில்லை.

சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினால் தெரியாது என்று நினைக்கிறார்கள். வெவ்வேறு வருடம், வெவ்வேறு மருத்துவமனை, ஆனால் நோயாளி மட்டும் அதே வாக்கியத்தைப் பேசுவார்!

படிப்பு முடிந்த பிறகு

இதில் மேலே போக விரும்புகிறவர்களுக்கு மனநலச் செவிலியத்தில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது, இரண்டாண்டு எம்.எஸ்சி. இருக்கிறது. 1996-ல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் செவிலியருக்கு இடம் உண்டு. மனநலச் செவிலியர்களைப் பதிவு செய்து பட்டியல் வெளியிடுவது மாநில மனநல ஆணையத்தின் வேலை. அந்த ஆணையத்திலேயே 15 ஆண்டு அனுபவமுள்ள மனநலச் செவிலியர் ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

கடைசியாக, மாணவர்களுக்கு மட்டும் ஒன்று. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருக்கிறது. நாற்பது பேர் வகுப்பில் யாராவது ஒருவருடைய வீட்டில் அப்படி ஒரு அண்ணனோ சித்தியோ கட்டாயம் இருப்பார்கள். போஸ்டிங்கின் இரண்டாவது வாரம் ஒரு பிள்ளை திடீரென்று சாப்பிடாமல் ஹாஸ்டலில் படுத்துக்கொள்ளும். அது சோம்பல் இல்லை. இன்ஸ்ட்ரக்டரிடம் சொன்னால் வார்டு மாற்றித் தரலாம். அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.