எலிமெண்டல் அயர்ன்: 'தனிம இரும்பு' சரியான தமிழா?

ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) குறைவு என்று வந்து, சரி, ஒரு இரும்புச்சத்து மாத்திரை வாங்குவோம் என்று போனால் முதலில் குழப்புவது இந்தச் சொல்தான். டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'ஃபெர்ரஸ் சல்ஃபேட் 325 மி.கி.' என்று இருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் 'எலிமெண்டல் அயர்ன் 65 மி.கி.' என்று இருக்கும். பக்கத்தில் இன்னொரு டப்பா, ஃபெர்ரஸ் குளுக்கோனேட் 300 மி.கி., அதில் இரும்பு 35தான். எனக்கு முதன்முதலாக இரும்பு எழுதிக் கொடுத்தபோது முன்பக்க எண்களை வைத்து இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று எண்ணி இரண்டாவதை வாங்கிவந்து, தேவைப்பட்டதில் பாதியை மட்டும் இரண்டு மாதம் விழுங்கினேன். இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது.

பொருள் ரொம்ப எளிது. பெரும்பாலான மாத்திரைகளில் இரும்பு தனியாக இருப்பதில்லை, ஏதோ ஒன்றோடு சேர்ந்து உப்பாக இருக்கிறது. அந்த உப்பில் இரும்பு மட்டும் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் எலிமெண்டல் அயர்ன். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரும்பின் அணுநிறை 56. ஃபெர்ரஸ் சல்ஃபேட் படிகத்தில் ஓர் இரும்பு அணுவோடு ஒரு சல்ஃபேட்டும் ஏழு நீர் மூலக்கூறுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும், எல்லாம் சேர்த்து 278. அதில் 56 என்றால் ஐந்தில் ஒரு பங்கு, 325இல் ஐந்தில் ஒரு பங்கு 65. அதே உப்பை உலர்த்தி அந்த நீரில் பெரும்பகுதியை விரட்டிவிட்டால் 200 மி.கி. மாத்திரையிலேயே அந்த 65 வந்துவிடும்! உலர்ந்தது, உலராதது என்ற ஒரு சொல் வித்தியாசத்துக்கு 125 மி.கி. குறைகிறது, உள்ளே இருக்கும் இரும்பு குறைவதில்லை. ஃபெர்ரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, குளுக்கோனேட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான்.

இனி வேர். எலிமெண்ட் லத்தீன் 'எலமெண்டும்' என்பதிலிருந்து வந்தது, அங்கே அது அகரவரிசை எழுத்தையும் எந்த ஒன்றின் அடிப்படையையும் குறித்தது. இதற்குமேல் பிரிக்க முடியாத பொருள் என்ற வேதியியல் பொருளை அதற்கு உறுதிப்படுத்தியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லாவோசியே, 1789இல் வெளிவந்த தன் வேதியியல் நூலில். தமிழ்நாட்டுப் பாடநூலில் அது தனிமம், இலங்கைப் பாடநூலில் மூலகம். ஃபெர்ரஸ், ஃபெரிக், ஃபெரிட்டின் மூன்றும் இரும்புக்கு லத்தீனில் வழங்கிய 'ஃபெர்ரம்' வழி வந்தவை. ஃபெர்ரஸ் என்றால் இரண்டு எலக்ட்ரான் இழந்த இரும்பு, ஃபெரிக் என்றால் மூன்று. இது வெறும் இலக்கணம் இல்லை, மாத்திரை தேர்ந்தெடுக்கும்போது உதவும்: குடல் சுவர் தாதுஉப்பாக வரும் இரும்பை ஃபெர்ரஸ் நிலையில்தான் உள்ளே வாங்கும், ஃபெரிக்கைக் கொடுத்தால் முதலில் ஃபெர்ரஸாக மாற்றியாக வேண்டும். வைட்டமின் சி அந்த மாற்றத்துக்குத்தான் கைகொடுக்கிறது.

நம் மொழிக்கு இதெல்லாம் புதுச் சரக்கு இல்லை. ஃபெர்ரஸ் சல்ஃபேட்டுக்குத் தமிழில் அன்னபேதி என்று பழைய பெயரே உண்டு, சித்த மருத்துவத்தில் அன்னபேதிச் செந்தூரம் இன்றும் வழங்குகிறது. இரும்புக்குக் கரும்பொன், அயம் என்றும் பெயர்கள். (பெயருக்காகத்தான் சொல்கிறேன், மாத்திரைக்குப் பதிலாகச் செந்தூரம் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை.)

அப்படியானால் எலிமெண்டல் அயர்னுக்குத் தமிழ் என்ன? அகராதி வழியில் போனால் 'தனிம இரும்பு'. ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை, காரணம் உண்டு. தனிம நிலையில் உள்ள இரும்பு என்றால் ஆணியில் இருக்கும் இரும்பு. மாத்திரையில் இருப்பது அயனி, அதாவது எலக்ட்ரான் இழந்த இரும்பு. ஆங்கிலச் சொல்லிலேயே உள்ள பிழை இது, அதை நாம் அப்படியே சுமந்து வர வேண்டியதில்லை. 'நிகர இரும்பு' என்பேன். பொட்டலத்தில் நிகர எடை என்று படித்துப் பழகிய யாருக்கும் விளக்கமே வேண்டாம்: உறை போக, ஒட்டியிருப்பது போக, உள்ளே இருக்கும் சரக்கு எவ்வளவு என்பது உடனே புரிந்துவிடும். 'இரும்புச்சத்து 65 மி.கி.' என்று எழுதினாலும் தவறில்லை, ஆனால் மாத்திரையையே இரும்புச்சத்து மாத்திரை என்று அழைப்பதால் எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற குழப்பம் அப்படியே இருக்கும்.

மருத்துவர் இத்தனை மில்லிகிராம் என்று சொன்னால் அது நிகர இரும்பா உப்பின் எடையா என்று கேட்டுவிடுங்கள், கடையில் டப்பாவைத் திருப்பி நிகர இரும்பைப் பாருங்கள். சல்ஃபேட்டா ஃபியூமரேட்டா என்பது அதற்கு அப்புறம்தான். வயிற்றுப் பிரட்டலும் மலச்சிக்கலும் பெரும்பாலும் உப்பின் பெயரைவிட நிகர இரும்பின் அளவைப் பொறுத்தவை, மலம் கறுப்பாகப் போவதும் இரும்பால்தான்.

ஆனால் நிகர இரும்பு என்பது மாத்திரையில் இருப்பது, ரத்தத்தில் சேர்வது அல்ல. அதில் ஒரு சிறு பகுதியைத்தான் உடல் எடுத்துக்கொள்ளும். நிறைய இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, ஏறக்குறைய ஒரு நாள் வரை குடலின் கதவை ஒடுக்கிவிடுகிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொல்லும் மருத்துவர்கள் இதனால்தான் சொல்கிறார்கள். தேநீர், காப்பி, கால்சியம் மாத்திரை மூன்றையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் குறைந்திருந்து ஃபெரிட்டின் பார்க்காமல் இருந்தால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு உள்ளவர்களுக்கு இரும்பு குறையாமலே ஹீமோகுளோபின் குறைவாக இருக்கும், அவர்களுக்கு இந்த மாத்திரை தேவையே இல்லாமல் போகலாம்.

வீட்டில் குழந்தை இருந்தால் டப்பாவைக் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். சிறு குழந்தைக்குச் சில மாத்திரைகளே உயிருக்கு ஆபத்தாகலாம், அந்த ஆபத்தையும் மருத்துவர்கள் உடல் எடைக்கு இத்தனை நிகர இரும்பு என்றுதான் கணக்கிடுகிறார்கள்.

ஒரே ஒரு வகையில் மட்டும் 'தனிம இரும்பு' என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தும்: கார்போனைல் அயர்ன். அது உப்பு இல்லை, மிக நுண்ணிய தூய இரும்புத்தூள். இரைப்பை அமிலத்தில் மெல்லக் கரைந்த பிறகுதான் உடலுக்குள் சேர முடியும். அந்த டப்பாவில் தனிம இரும்பு என்று அச்சிட்டால் நான் குறை சொல்லமாட்டேன்.