மெத்தையை நீங்களே அடுக்கும் முன்

போன மாதம் ஒரு தையல்கார அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். காலையில் எழுந்தால் வலது தோள் மரத்துப்போகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்றார். பரிசோதித்துவிட்டு, எதில் படுக்கிறீர்கள் என்று கேட்டேன். மகன் ஃபோம் ஷீட் வெட்டி வாங்கி அவனே அடுக்கிக் கொடுத்தானாம்.

"ஆறு இஞ்சும் ரீபாண்டட்தான் மேடம். கெட்டியா இருந்தாத்தான் முதுகுக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

இதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். ரீபாண்டட் என்பது ஃபோம் துண்டுகளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது. அடியில் போட அருமையான பொருள். அதன்மேல் நேரடியாக ஒருக்களித்துப் படுத்தால் தோளும் இடுப்பெலும்பும் அமுங்க இடமில்லை. பாரம் முழுக்க அந்த இரண்டு இடத்தில்தான் விழும். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் சிலருக்குக் கெட்டி மெத்தை, சிலருக்கு நடுத்தர மெத்தை கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது.

அடுத்த குழப்பம் டென்சிட்டி. கடையில் 32, 40 என்று சொல்வது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது கெட்டித்தன்மை அல்ல. 40-இல் மெத்தென்றும் கிடைக்கும், விறைப்பாகவும் கிடைக்கும். ஷீட் எத்தனை வருஷம் குழி விழாமல் உழைக்கும் என்பதற்குத்தான் அந்த எண் உதவும். ஆறடிக்கு மூன்றடி, நாலு இஞ்சு ஷீட் 32 டென்சிட்டி என்றால் சுமார் 5.4 கிலோ, 40 என்றால் 6.8 கிலோ இருக்கவேண்டும். தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். சுண்ணாம்புத் தூள் கலந்து எடை ஏற்றுவதும் உண்டு. அதனால் உள்ளங்கையால் நன்றாக அழுத்தி விடுங்கள். சாதாரண ஃபோம் சட்டென்று எழும்பவேண்டும்.

நடுத்தர உடல்வாகுக்கு நான் சொல்வது: அடியில் 2 இஞ்சு ரீபாண்டட், நடுவில் 3 இஞ்சு 40 டென்சிட்டி, மேலே 1 அல்லது 2 இஞ்சு லேடெக்ஸ், அதாவது ரப்பர் ஃபோம். கனமானவர்களுக்கு நடு அடுக்கு இன்னும் விறைப்பாக வேண்டும். லேடெக்ஸுக்குப் பதில் மெமரி ஃபோம் என்றால், அது உடல் சூட்டில் இளகும் பொருள். நம் சித்திரை வெயிலில் அமுங்கிக்கொண்டே போகும், சூடும் வெளியேறாது. கைக்குழந்தையை அதன்மேல் படுக்க வைக்கவே வைக்காதீர்கள்.

அடுக்கியதும் பசை போட்டுவிடாதீர்கள். ஜிப் வைத்த உறைக்குள் வைத்து, ஒருக்களித்துப் படுத்து, பின்னாலிருந்து மெத்தை மட்டத்தில் போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை கோடு நேராக இருக்கிறதா பாருங்கள். இடுப்பு தொங்கினால் நடு அடுக்கு மெது. தோள் எழும்பி நின்றால் மேலடுக்கு கெட்டி. ஷீட்டை மாற்றிப் பதினைந்து நாள் படுத்துப் பாருங்கள். அதன் பிறகும் கை கால் மரத்துப்போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அந்த அம்மாவின் மகன் நாலு இஞ்சு ரீபாண்டட்டை உருவிவிட்டு நடுவிலும் மேலேயும் மாற்றிப் போட்டு, படத்தை எனக்கு அனுப்பினான். முதுகுக்கோடு நேராக இருந்தது. தோள் மரத்துப்போவது நின்றுவிட்டது. நாள் முழுக்க மெஷினில் குனிந்து தைக்கிற இடுப்புக்கு மட்டும் பயிற்சி இன்னும் தொடர்கிறது.