திருகாணியைத் தொடும் முன்: வீட்டு ரேஞ்சில் ஏர் ரைபிளை ஜீரோ செய்வது

10 மீட்டர் ஏர் ரைபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி ஒவ்வொரு வளையமும் 2.5 மி.மீ. அகலம். நான்கு முதல் ஒன்பது வரையிலான கறுப்பு வட்டம் மொத்தமே 30.5 மி.மீ. தான், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. இந்த அளவில் வேலை பார்க்கும் கருவியைத்தான் நாம் மொட்டை மாடியிலும் வராந்தாவிலும் வைத்து "சைட் செட் பண்றோம்". அதாவது குறிபார்க்கும் சைட்டைத் திருகாணியால் நகர்த்தி, குறிவைத்த இடத்திலேயே பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) விழும்படி அமைக்கிறோம். இதற்குப் பெயர்தான் ஜீரோ.

2020 லாக்டவுனில் ரேஞ்சுகள் மூடிக் கிடந்தபோது வீட்டிலேயே இடம் ஒதுக்கிப் பயிற்சி செய்யும் பழக்கம் பரவியது. அது நல்ல பழக்கம். ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும் வீட்டு ரேஞ்சில் வளர்ந்தவர்தான். ஆனால் பயிற்சியாளராக எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும். "நேத்து நல்லாத்தான் சார் அடிச்சான். இன்னைக்கு எல்லாம் இடது பக்கமே போகுது. சைட் போயிடுச்சா?" நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை கிளிக் திருப்பினீங்க?" திருகாணி ஒரு படி நகர்ந்தால் ஒரு கிளிக். மறுமுனையில் பதில் இருக்காது. கொஞ்சம் இந்தப் பக்கம், அப்புறம் கொஞ்சம் அந்தப் பக்கம் என்று திருப்பியிருப்பார்கள். நேற்று நன்றாக இருந்த இடம் எது என்று இப்போது யாருக்கும் தெரியாது.

போட்டிக்கான நல்ல மேட்ச் ரைபிளின் சைட் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடாது. வீட்டில் ஜீரோ கெடுவதற்குத் தூரம், வெளிச்சம், நிற்கும் நிலை, தளர்ந்த திருகு, மாறிய பெல்லட் என்று வரிசையாகக் காரணங்கள் உண்டு. சைட்டைத் திருப்புவது அந்த வரிசையில் கடைசியாக வரவேண்டிய வேலை.

முதலில் தூரம். 10 மீட்டர் என்றால் 32 அடி 10 அங்குலம். சுடும் கோட்டிலிருந்து டார்கெட் முகம் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். தரை டைல்ஸை எண்ணிக் கணக்குப் போடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். போட்டி விதி அனுமதிக்கும் வித்தியாசம் 5 செ.மீ. மட்டுமே. டார்கெட்டின் நடு, சுடுபவர் நிற்கும் தரையிலிருந்து 1.40 மீட்டர் உயரத்தில், அதாவது ஏறக்குறைய 4 அடி 7 அங்குலத்தில் இருக்க வேண்டும். சுடுபவர் நிற்கும் இடம் ஒரு படி உயரமாக இருந்தால் அந்தப் படியையும் கணக்கில் சேருங்கள்.

ஃப்ளாட்டில் ஹாலிலிருந்து படுக்கையறைச் சுவர் வரை பார்த்தாலும் 26, 27 அடிதான், அதாவது சுமார் 8 மீட்டர்தான் கிடைக்கிறது என்பார்கள். சரி, அதிலும் சுடலாம். அந்தத் தூரத்துக்கேற்பச் சிறிதாக்கிய டார்கெட்டை ஒட்டிப் பயிற்சி செய்தால் நிற்பது, பிடிப்பது, டிரிகர் எல்லாமே தேறும். அங்கே செய்த ஜீரோவைப் போட்டிக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல்.

காரணம் எளிமையானது. சைட் குழலுக்கு மேலே 4, 5 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெல்லட் அந்தப் பார்வைக் கோட்டை எட்ட வேண்டும் என்றால் குழல் கொஞ்சம் மேல்நோக்கி இருந்தாக வேண்டும். மேட்ச் ரைபிளில் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு அதை 8 மீட்டருக்குள் சுமார் 11 மி.மீ. இழுக்கும், 10 மீட்டருக்குள் சுமார் 17 மி.மீ. இழுக்கும். குழலின் ஏற்றத்தையும் இந்த இழுப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 8 மீட்டரில் கச்சிதமாக ஜீரோ செய்த ரைபிள் 10 மீட்டரில் 7, 8 மி.மீ. மேலே அடிக்கும். பத்துக்குப் பதில் ஏழு. கையிலும் கோளாறில்லை, கண்ணிலும் கோளாறில்லை, மூன்று வளையம் போய்விட்டது. போட்டியில் தயாராகவும் சோதனைக்குச் சுடவும் சேர்த்துக் கிடைப்பது 15 நிமிடம். பிள்ளை அதில் பாதியைத் திருகாணியோடு கழித்துவிட்டு, பதற்றத்தோடு முதல் ஷாட்டுக்கு நிற்பான்.

அடுத்தது வெளிச்சம். டார்கெட் மேல் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்பது சர்வதேச விதி. வீட்டில் பெரும்பாலும் தலைக்கு மேலே ஒரு டியூப் லைட், டார்கெட்டுக்கு மேலே இன்னொன்று, அவ்வளவுதான். அட்டையின் மேல்பாதி பளிச்சென்றும் கீழ்ப்பாதி மங்கலாகவும் தெரியும். மாடியில் காலை வெயில் ஒரு பக்கமாக விழும். வெளிச்சம் மாறும்போது கறுப்பு வட்டத்தின் விளிம்பைக் கண் வேறு மாதிரி படிக்கிறது. காலையில் செய்த ஜீரோ மாலையில் நகர்ந்ததுபோலத் தோன்றுவதற்கு இதுவே போதும். டார்கெட்டின் இரு பக்கமும் சமமாக வெளிச்சம் படும்படி இரண்டு எல்.இ.டி. விளக்குகளை, சுடுபவர் கண்ணில் நேராக அடிக்காமல் மறைத்து வையுங்கள். போனில் உள்ள லக்ஸ் மீட்டர் ஆப் துல்லியமாக இருக்காது. ஆனாலும் நேற்றும் இன்றும் ஒரே அளவு வெளிச்சமா என்று பார்க்க அது போதும்.

இனி உடம்பு. நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான். ரைபிளைத் தூக்கி நிலைக்கு வந்ததும் கண்ணை மூடச் சொல்வேன். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தால் முன் சைட் வளையம் எங்கே நிற்கிறதோ அதுதான் உடம்பு இயல்பாகப் பார்க்கும் திசை. அது டார்கெட்டுக்கு இடப்புறம் இருந்தால், பிள்ளைகள் கையால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவருகிறார்கள். டிரிகர் அழுத்தும் கணத்தில் தசை தளர்ந்து ரைபிள் தன் இடத்துக்குத் திரும்பும், ஷாட் இடது பக்கம் போகும். ஐந்து ஷாட்டும் ஒழுங்காக இடது பக்கமே போவதால் பார்ப்பவருக்கு சைட் கோளாறு போலவே தெரியும். பின் பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் சரியாகிவிடும் விஷயம் இது. அதை விட்டுவிட்டு சைட்டைத் திருப்பினால், மறுநாள் பாதம் சரியான இடத்தில் அமைந்ததும் எல்லாம் வலது பக்கம் போகும். அப்போது மறுபடி போன் வரும்.

ரைபிளைச் சாய்த்துப் பிடிப்பதும் இதே வகைதான். வலப்புறம் சாய்ந்தால் ஷாட் வலப்புறமாகவும் சற்றுக் கீழாகவும் போகும். தினமும் ஒரே அளவு சாய்த்தால் தவறில்லை. சில நல்ல வீரர்கள் அப்படித்தான் பிடிக்கிறார்கள். கன்னம் பதியும் பலகையை நகர்த்திவிட்டால் தலை நகர்ந்து சாய்வும் மாறும். ஆகவே பட் (தோளில் பதியும் பகுதி), கன்னப் பலகை, கைதாங்கி எதை மாற்றினாலும் பழைய ஜீரோவை நம்பாதீர்கள்.

மணல் மூட்டையில் ரைபிளைச் சாய்த்து வைத்து அப்பா ஜீரோ செய்துகொடுப்பதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். ரைபிளும் பெல்லட்டும் எவ்வளவு நெருக்கமாகக் குரூப் (ஷாட்கள் சேர்ந்து விழும் கூட்டம்) போடுகின்றன என்று தெரிந்துகொள்ள அது நல்ல வழி. ஆனால் அந்த ஜீரோ மணல் மூட்டைக்கும் அப்பாவின் கண்ணுக்கும் உரியது. நின்று சுடும் பிள்ளைக்கு அதே பிள்ளை, அதே ஜாக்கெட்டைப் போட்டு, நின்று செய்த ஜீரோதான் வேண்டும். ஸ்பிரிங் வகை ஏர் ரைபிள் என்றால் வித்தியாசம் இன்னும் அதிகம்; கெட்டியான பரப்பில் வைத்துச் சுட்டால் அதன் உதைப்பே மாறி, பெல்லட் வேறு இடத்தில் போய் விழும்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது என்றால் ஆலன் கீயை எடுத்து சைட் பிடிக்கும் திருகுகளையும் ஸ்டாக் திருகுகளையும் பாருங்கள். ரைபிளைக் காரில் கொண்டுபோய் வந்தாலே ஒன்றாவது தளர்ந்திருக்கும். பெல்லட் அதே பிராண்ட், அதே தலை அளவா? 4.49 மி.மீ., 4.50 மி.மீ. என்று டப்பா மாறினாலே சில குழல்களில் குரூப் நகரும். ரைபிளோடு இருக்கும் காற்றுச் சிலிண்டரில் அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தால் பெல்லட் வேகம் குறைந்து கீழே போகும்.

இப்போது சைட்டுக்கு வரலாம். ஒரு ஷாட்டைப் பார்த்துத் திருப்பாதீர்கள், இரண்டைப் பார்த்தும் திருப்பாதீர்கள். ஐந்து ஷாட் சுட்டு, குரூப்பின் நடுவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் விலகியிருந்தால், சுட்ட கணத்திலேயே "இது போச்சு" என்று பிள்ளை சொல்லியிருந்தால்தான் அதைக் கணக்கிலிருந்து விடலாம். சொல்லவில்லை என்றால் அதுவும் கணக்கில் உண்டு. குரூப் நெருக்கமாக இருந்து ஒரு பக்கம் தள்ளியிருந்தால் சைட்டைத் தொடலாம். சிதறிக் கிடந்தால் சைட்டில் தீர்வு இல்லை.

பின் சைட்டை எந்தத் திசையில் நகர்த்துகிறோமோ ஷாட்டும் அந்தத் திசையில் நகரும். இது எல்லா ரைபிளுக்கும் பொது. திருகாணி மேல் இருக்கும் எழுத்துக்கும் அம்புக்குறிக்கும் அப்படிப் பொது விதி கிடையாது. சில சைட்களில் ஷாட் எங்கே விழுந்ததோ அந்தக் குறியை நோக்கித் திருப்ப வேண்டும், வேறு சிலவற்றில் எங்கே போக வேண்டுமோ அந்தக் குறியை நோக்கி. உங்கள் சைட் எந்த வகை, ஒரு கிளிக் எவ்வளவு நகர்த்தும் என்று நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு அட்டையில் ஐந்து ஷாட், பத்துக் கிளிக் ஒரே பக்கம், புது அட்டையில் ஐந்து ஷாட். இரண்டு குரூப்பின் நடுவுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பத்தால் வகுத்தால் கணக்கு கையில். அதை நோட்டில் எழுதுங்கள். தேதி, பெல்லட், வெளிச்சம், எந்தப் பக்கம் எத்தனை கிளிக் என்பதும் அதில் இருக்கட்டும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முந்தைய சோதனை ஷாட்களில் பிந்த்ராவின் சைட் விலகியிருப்பது தெரியவந்தது. கிடைத்த கொஞ்ச நேரத்துக்குள் அவர் அதைச் சரிசெய்துகொண்டு, இறுதிச் சுற்றில் 104.5 எடுத்து, மொத்தம் 700.5 புள்ளியுடன் தங்கம் வென்றார். தன் கிளிக் கணக்கு மனப்பாடமாக இருப்பவருக்குத்தான் அந்த நேரத்தில் கை நடுங்காது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் பெல்லட்டைப் போடுவதற்கே தகுதியான இடமா என்று பார்க்க வேண்டும். ஏர் ரைபிள்தானே என்ற அலட்சியம் எனக்குப் பிடிக்காத ஒன்று. அந்தப் பெல்லட் ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது. டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டைக் கீழே திருப்பிவிடும் சாய்ந்த இரும்புத் தகடு உள்ள பெட்டி வேண்டும். அதன் பின்னால் தவறிப்போகும் ஷாட்டைத் தாங்க அகலமான ப்ளைவுட் வேண்டும். ப்ளைவுட் பெட்டிக்குப் பதில் ஆகாது; பெட்டி இல்லாமல் வெறும் பலகையிலோ செங்கல் சுவரிலோ நேராக அடித்தால் பெல்லட் திரும்பி வரும். சுடுபவர், பார்ப்பவர் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி.

சுடும் கோட்டுக்கும் டார்கெட்டுக்கும் நடுவில் எந்தக் கதவும் திறக்கக் கூடாது. மாடி என்றால் படிக்கட்டுக் கதவை மாடிப் பக்கமிருந்து தாழ்போடுங்கள். துணி காயப்போட அம்மா வருவார், பந்து எடுக்கப் பக்கத்து வீட்டுப் பையன் வருவான். சுடாத நேரமெல்லாம் குழலுக்குள் சேஃப்டி ஃப்ளாக் (குழல் காலி என்று காட்டும் அடையாளம்) இருக்க வேண்டும், வீட்டில் யாருமே இல்லை என்றாலும். டார்கெட் மாற்ற நடந்துபோவதற்கு முன் ரைபிளைக் கீழே வைத்தாயிற்றா, ஃப்ளாக் போட்டாயிற்றா என்று பிள்ளை வாய்விட்டுச் சொல்லிப் பழகட்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் 4.5 மி.மீ.க்கு மிகாத, ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. மேட்ச் ரைபிள் இந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. வாங்கியபோது கொடுத்த பில்லைப் பத்திரமாக வையுங்கள். மாடியில் ரைபிளோடு ஒரு பையன் நிற்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் செய்யும் முன், நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். தோட்டாத் துப்பாக்கிகளின் கதை வேறு. அவற்றை வீட்டு மாடியில் ஜீரோ செய்யும் பேச்சே வேண்டாம்.

காற்றடைத்த சிலிண்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் நிரப்பும் 200 பார் அழுத்தம் என்பது கார் டயரில் இருப்பதைப் போல 80 மடங்குக்கு மேல். 2024இல் டெல்லி கர்ணி சிங் ரேஞ்சில் காற்று நிரப்பும்போது சிலிண்டர் வெடித்ததில் ஒரு பிஸ்டல் வீரர் இடது கட்டைவிரலை இழந்தார். சிலிண்டர் மேல் தயாரிப்புத் தேதியும் அதன் ஆயுளும் குறித்திருக்கும். செகண்ட் ஹேண்டில் ரைபிள் வாங்குகிறவர்கள் குழலைப் பார்க்கும் முன் அந்தத் தேதியைப் பாருங்கள். ஆயுள் முடிந்ததை நிரப்பவே கூடாது. நல்ல சிலிண்டரையும் மெதுவாக, அதற்குரிய அடாப்டரில், முகத்தையும் விரல்களையும் விலக்கி வைத்துக்கொண்டு பெரியவர் யாராவது நிரப்ப வேண்டும்.

பெல்லட் என்பது ஈயம். சுட்டு முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. இடையில் முறுக்கு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். தண்ணீர் பாட்டிலும் பெல்லட் மேஜையில் இருக்கக் கூடாது. டார்கெட் பெட்டியைச் சுற்றித் துடைப்பத்தால் பெருக்கினால் ஈயத் தூசி காற்றில் கிளம்பும். கையுறை போட்டு ஈரத் துணியால் துடைத்து, பெட்டியில் சேர்ந்த பெல்லட்டுகளை மூடிய டப்பாவில் போட்டு, தவழும் குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் அந்த டப்பாவையும் துணியையும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.