விண்டோ என்றால் ஜன்னல்தானா?

விண்டோ என்றால் ஜன்னல், இதில் விளக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பஸ்ஸில் ஓரத்து சீட்டுக்கு அது போதும், சரி. ஆனால் இங்கிலாந்தின் பழைய மரச்சட்டப் பண்ணை வீட்டைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘ஓக் சட்டங்களுக்கு நடுவே ஜன்னல்கள்’ என்று போட்டுவிட்டால், படிப்பவர் மனதில் கண்ணாடி வந்து உட்கார்ந்துவிடும். அந்த வீடுகள் கட்டப்பட்டபோது பெரும்பாலானவற்றில் கண்ணாடியே கிடையாது.

விண்டோ ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் வழியாக இங்கிலாந்துக்கு வந்து குடியேறிய வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியில் ‘விண்டௌகா’ என்றொரு சொல் உண்டு. விண்டர் என்றால் காற்று, ஔகா என்றால் கண். காற்றுக்கண்! அதற்கு முன்பு பழைய ஆங்கிலத்தில் ‘கண் துளை’ என்றும் ‘கண் கதவு’ என்றும் பொருள்படும் சொற்கள் இருந்தன, அவை வழக்கொழிந்து போயின. லத்தீனிலிருந்து வந்த ‘ஃபெனஸ்டர்’ கூட 16ஆம் நூற்றாண்டு வரை கூடவே ஓடிப் பார்த்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘ஃபென்ஸ்டர்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் நின்றது காற்றுக்கண்தான்.

ஏன் காற்று என்பது வீட்டைப் பார்த்தால் புரியும். கென்ட் பகுதியில் சிடிங்ஸ்டோன் என்ற ஊரில் பேலீஃப் என்றொரு பண்ணை வீடு இருந்தது. மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அதன் மூத்த பகுதி 1405க்கும் 1430க்கும் இடையில் கட்டப்பட்டது என்று தெரிந்தது. 1960களின் கடைசியில் அங்கே நீர்த்தேக்கம் வந்ததால் வீட்டைக் கட்டை கட்டையாகப் பிரித்து, மேற்கு சசெக்ஸில் சிங்கிள்டன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி பொருத்தி நிறுத்தினார்கள். நடுவில் கூரை வரை திறந்த ஹால் (நம் ஃபிளாட்டுகளில் சொல்கிறோமே, அதே ஹால்தான்), அதன் நடுத்தரையில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை மேலே ஏறிக் கூரை வழியாகத் தானே வெளியேற வேண்டும். வெளிச்சமும் காற்றும் வந்தது சுவரில் விட்ட திறப்புகள் வழியாக. காற்று அடிக்கும் பக்கத்துப் பலகைக் கதவைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைத்தால் ஓரளவு வெளிச்சம், ஓரளவு குளிர். ஜனவரி மாதத்தில் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தார்களோ!

‘சுவரில் திறப்பு’ என்றேன், அதுவும் அவ்வளவு சரியில்லை. இந்த வீடுகளில் பாரத்தைத் தாங்குவது சுவர் இல்லை, ஓக் தூண்களும் உத்திரங்களும் சேர்ந்த சட்டம்தான். சட்டத்துக்கு இடைப்பட்ட கட்டங்களில் குச்சிகளைப் படல் மாதிரிப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் பிசைந்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். அப்படி அப்பாமல் விட்ட கட்டம்தான் விண்டோ. அதில் ஓக் குச்சிகளைச் செங்குத்தாக, விளிம்பு வெளியே பார்க்கும்படி சாய்சதுரமாக நிறுத்துவார்கள். அப்படி நிறுத்தினால் வெளிச்சம் இரண்டு பக்கமும் சரிந்து உள்ளே வரும், ஆள் நுழைய முடியாது. பிற்காலத்தில் பல வீடுகளில் இந்தத் திறப்புகளை அடைத்துவிட்டார்கள். ஆனாலும் உத்திரத்தின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால், டைமன் வடிவத் துளைகள் வரிசையாகக் கையில் தட்டுப்படும். பக்கத்திலேயே பலகை நகர்ந்த காடியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அங்கே ஒரு காற்றுக்கண் இருந்திருக்கிறது.

சரி, தமிழுக்கு வருவோம். ஜன்னல் போர்ச்சுகீசிய ‘ஜனேலா’விலிருந்து வந்தது, அதன் வேர் வாசலைக் குறிக்கும் லத்தீன் ‘யானுவா’. அதாவது குட்டி வாசல். நல்ல சொல்தான், எனக்கு அதன்மேல் கோபம் இல்லை. ஆனால் நம்மிடம் ‘காலதர்’ இருக்கிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீடுகளைச் சொல்லும்போது ‘மான்கண் காலதர் மாளிகை’ என்கிறது. மானின் கண் போன்ற காற்றுவழிகள் உடைய மாளிகை! காற்றும் கண்ணும் இரண்டு சொற்களுக்குள் வந்துவிட்டன. கடலோடிய வைக்கிங்கும் புகாரைப் பாடிய கவிஞரும் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கவில்லை, கண்ணாடி இல்லாத திறப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது.

அதனால் பேலீஃப் போன்ற வீட்டின் திறப்புக்குக் காலதர் என்று எழுதுவதே சரி என்பது என் கட்சி. பலகணியும் பொருந்தும், பல கண் உடையது என்று பொருள், குச்சிகளுக்கு நடுவே வரிசையாக இடைவெளிகள் இருக்கின்றனவே. ஆனால் ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காகச் சிலர் அதை பால்கனிக்குக் கொடுத்துவிட்டார்கள், இனி எழுதினால் குழப்பம்தான். சாளரத்தை, வலை என்று பொருள்படும் ‘ஜால’ என்ற வடசொல்லோடு இணைப்பார்கள். அதற்கும் இங்கே இடம் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் எசெக்ஸில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன், முன்பெல்லாம் நாட்டுப்புற வீடுகளில் கண்ணாடிக்குப் பதில் பிரம்பு போன்ற குச்சியாலோ மெல்லிய ஓக் பிளாச்சுகளாலோ பின்னிய தட்டிகள் இருந்தன என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பின்னல் தட்டியைச் சாளரம் என்றால் கனகச்சிதம்.

அவர் காலத்திலேயே கண்ணாடி மலிந்து பண்ணை வீடுகளுக்கும் வர ஆரம்பித்துவிட்டது. சின்னச் சின்னச் சில்லுகளை ஈயப் பட்டையில் கோத்து மாட்டினார்கள். காற்று வெளியே நின்றுவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. அந்தக் கண்ணாடி விண்டோவை நீங்கள் தாராளமாக ஜன்னல் என்றே எழுதலாம்.